அழகுராணி ஆண்ட நகரம்



சரித்திர ஆசிரியன் ஒருவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குவது வழக்கமன்று. எனினும் இன்றைய பேச்சை நான் அவ்வாறுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1998ஆம் ஆண்டில் ஒரு நாள், கல்லூரி ஆசிரியர் அறையில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தென் அமெரிக்காவிலுள்ள வெனிசுவேலா நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்கு, முன்னாள் பிரபஞ்ச அழகி ஒருவர் போட்டியிடுகிறார் என்று ஒரு மூலையில் சிறு செய்தி வந்திருந்தது. அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தேன். உடனிருந்தவர்களும் சிரித்தார்கள். "இனி நாடாள்வதற்கு நடையழகும் ஒரு தகுதி போலும்!" என்று நான் சொன்னதாக நினைவு. ஏதோ கையொப்பம் பெறுவதற்காக வந்து நின்றிருந்த மாணவி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, அவர் இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அதில் போட்டிருக்கிறதா?" என்று கேட்டாள். போட்டிருந்தது. தலைநகரின் ஒரு பகுதிக்கு மேயராக இருந்தவர் என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் படிக்காமலே நான் சிரித்திருந்தேன்.

அந்த ஒரு வரியின் விரிவே இன்றைய பேச்சு.

வெனிசுவேலா, தென் அமெரிக்கக் கண்டத்தின் வட முனையில், கரிபியக் கடலை நோக்கி அமைந்த நாடு. பரப்பு 9 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எண்ணெய் ஊற்றுகள் வெளிப்பட்டன. அன்று முதல் அந்நாட்டின் நல்வாழ்வும் அல்வாழ்வும் எண்ணெயின் விலையோடு ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன. எண்ணெய்க்கு அடுத்தபடியாக அந்நாட்டின் பெயரை உலகறியச் செய்தவை அழகிப் போட்டிகள் என்றால் அது மிகையாகாது. 1952இல் தொடங்கிய 'மிஸ் வெனிசுவேலா' போட்டி, தொலைக்காட்சி பரவிய பின்னர் ஒரு தேசியத் திருவிழாவாகவே ஆகிவிட்டது. பிரபஞ்ச அழகி என்னும் பட்டத்தை 1979 முதல் 2013 வரை ஏழு முறை அந்நாட்டுப் பெண்கள் வென்றிருக்கிறார்கள். நம் சிறுவர்கள் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒப்பிப்பது போல, அங்கே அழகிகளின் பெயர்களை ஆண்டு வாரியாக ஒப்பிப்பவர்கள் உண்டு. அப்போட்டிகளைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. பெண்ணை அளவுகோல் வைத்து அளக்கும் வழக்கத்தை நான் மெச்சுபவன் அல்லன். ஆனால் போட்டியைக் குறை கூறுவது வேறு, அதில் வென்றவரைக் குறைத்து மதிப்பிடுவது வேறு. இந்த வேறுபாட்டை நான் அன்று மறந்திருந்தேன்.

இரேனே சயேஸ் 1961ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், தலைநகரான கராக்கஸின் கிழக்கேயுள்ள சக்காவோ என்னும் பகுதியில் பிறந்தார். வீட்டில் ஆறு குழந்தைகள். அவர்களுள் இவரே இளையவர். மூன்று வயதிலேயே தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பொறியியல் படிக்கத் தொடங்கியிருந்தவர், பத்தொன்பதாம் வயதில் மிஸ் வெனிசுவேலாவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1981 ஜூலை 20ஆம் நாள் நியூயார்க் நகரில் நடைபெற்ற போட்டியில் பிரபஞ்ச அழகியாக முடிசூட்டப்பட்டார். அவருக்கு முன் அப்பட்டத்தை வென்ற வெனிசுவேலாப் பெண் ஒருவரே.

முடியைச் சூடியவர்கள் பலர், அதன் பிறகு தொலைக்காட்சிக்கோ விளம்பரத்துக்கோ போய்விடுவது இயல்பு. இவர் ஓராண்டு உலகைச் சுற்றிவிட்டுத் தாய்நாடு திரும்பினார். வெனிசுவேலா மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் பயின்று பட்டம் பெற்றார். ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டின் பண்பாட்டுப் பிரதிநிதியாகவும் சிறிது காலம் பணியாற்றினார். பொறியியலை விட்டு அரசியலைப் படிக்கச் சென்றது ஏன்? அந்நாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்தவற்றை அறிந்தால் அது வியப்பாகத் தோன்றாது.

1958இல் ஒரு சர்வாதிகாரியின் ஆட்சி வீழ்ந்தபின், வெனிசுவேலாவின் முக்கியக் கட்சிகள் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. தேர்தலில் யார் வென்றாலும் முடிவை மதித்து நடப்பது, ஆட்சியில் பங்களிப்பது என்பதே அதன் சாரம். அதன்பின் 'ஜனநாயகச் செயல்' என்னும் கட்சியும், சுருக்கமாகக் 'கோப்பே' என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவ சமூகக் கட்சியும் மாறி மாறி ஆண்டன. அண்டை நாடுகளில் தளபதிகள் அரண்மனையைக் கைப்பற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது சிறிய சாதனை அன்று. ஆயினும் எண்ணெய்ப் பணம் பெருகியபோது கட்சிக்காரர்களின் கைகளும் நீண்டன. எண்பதுகளில் எண்ணெய் விலை சரிந்தபோது கடன் மலையாகக் குவிந்தது. 1989 பிப்ரவரியில் பெட்ரோல் விலையும் அதைத் தொடர்ந்து பேருந்துக் கட்டணமும் உயர்த்தப்பட்டன. மலைச்சரிவுக் குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள் கொதித்தெழுந்து தலைநகரின் கடைகளைச் சூறையாடினர். இராணுவம் சுட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

அந்தப் புகை அடங்குமுன் 1992 வந்தது. அந்த ஓராண்டுக்குள் இரண்டு புதிய மனிதர்கள் வெனிசுவேலா அரசியலின் வாயிலில் தோன்றினார்கள். பிப்ரவரி 4ஆம் நாள், ஹூகோ சாவேஸ் என்னும் இராணுவ அதிகாரி ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றுப் பிடிபட்டார். சரணடையுமாறு தம் தோழர்களிடம் கூறுவதற்காக அவரைத் தொலைக்காட்சியில் பேச அனுமதித்தார்கள். சிறிது நேரமே பேசினார். தம் குறிக்கோள்கள் 'இப்போதைக்கு' நிறைவேறவில்லை என்றார். அந்த 'இப்போதைக்கு' என்னும் சொல்லை நாடு மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், முப்பத்தோராம் வயதை எட்டிக்கொண்டிருந்த இரேனே சயேஸ், தாம் பிறந்த சக்காவோவின் மேயர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றார். ஒருவர் பீரங்கி வண்டியோடு வந்தார். மற்றவர் வாக்குச் சீட்டோடு வந்தார். ஆறாண்டுகள் கழித்து இவ்விருவரும் ஒரே பதவிக்கு எதிரெதிரே நிற்கப் போகிறார்கள் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இனி அந்த நகரத்துக்கு வருவோம்.

சக்காவோ, ஸ்பானியரை எதிர்த்துப் போரிட்ட பழங்குடித் தலைவன் ஒருவனின் பெயரைத் தாங்கியது. ஆவிலா மலையின் அடிவாரத்தில், ஏறத்தாழ 13 சதுர கிலோமீட்டர் பரப்பில் அடங்கிய சிறு நகராட்சி. கராக்கஸ் மாநகரம் ஐந்து நகராட்சிகளாகப் பிரிந்து கிடப்பது. அவற்றுள் சக்காவோ, அதுவரை சுக்ரே என்னும் பெரிய நகராட்சியோடு சேர்ந்திருந்து, 1992இல்தான் தனியே பிரிந்தது. ஆகவே இரேனே அம்மையார் அதன் முதல் மேயர். நாற்காலி புதிது, அலுவலகம் புதிது. முன்னோர் வைத்த வழி என்று ஒன்றும் இல்லை. கெட்ட வழியும் இல்லை என்பது அதில் ஒரு நன்மை.

அம்மையார் முதலில் கை வைத்தது காவல் துறையில். அக்காலத்துக் கராக்கஸில் திருட்டும் கொலையும் மலிந்திருந்தன. காவலர்களோ குறைந்த ஊதியம் பெற்று, கையூட்டால் அதை நிரப்பிக்கொள்பவர்கள் என்று பெயரெடுத்திருந்தார்கள். குடிமக்கள் திருடனுக்கு அஞ்சிய அளவு காவலனுக்கும் அஞ்சினார்கள். 1993இல் சக்காவோ தனக்கென ஒரு நகராட்சிக் காவற்படையை அமைத்தது. கல்வி கற்ற இளைஞரையும் பெண்களையும் அதில் சேர்த்தார்கள். ஊதியத்தை உயர்த்தினார்கள். காவலர்கள் மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சுற்றினார்கள். மிதிவண்டிக் காவலர் என்றதும் எதிர்க்கட்சியினர் எள்ளினர். ஆனால் மிதிவண்டியில் வருபவனை நிறுத்திப் பேசலாம். காரில் பறப்பவனை நிறுத்த இயலாது. இந்தச் சிறிய உண்மையைத் தெருவில் நடந்த மக்கள் உடனே புரிந்துகொண்டார்கள். குப்பை உரிய நேரத்தில் அகன்றது. சதுக்கங்களும் பூங்காக்களும் செப்பனிடப்பட்டன. இரவில் நடக்க அஞ்சிய தெருக்களில் குடும்பத்தோடு உலாவத் தொடங்கினார்கள். பக்கத்து நகராட்சிக்காரர்கள் சக்காவோவை 'இரேனேலாந்து' என்று அழைத்தார்கள். அதில் கேலி பாதி, பொறாமை பாதி.

1995இல் மீண்டும் தேர்தல் வந்தது. பதிவான வாக்குகளில் நூற்றுக்கு 96 பங்கு அம்மையாருக்குக் கிடைத்தது. தேர்தல் முறையாக நடக்கும் நாட்டில் இப்படி ஓர் எண்ணைக் காண்பது அரிது. அழகைப் பார்த்து ஒரு முறை வாக்களிப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றாண்டுகள் வரி கட்டிய பின்னும், சாக்கடையையும் தெருவிளக்கையும் பார்த்த பின்னும், முகத்துக்காக மட்டும் எவரும் வாக்களிப்பதில்லை. அன்று ஆசிரியர் அறையில் நான் தவறவிட்டது இதைத்தான்.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது சரித்திரம் ஆகாது. சக்காவோ வறிய ஊர் அன்று. வங்கிகளும் வாணிப நிலையங்களும் உயர்ந்த விடுதிகளும் நிறைந்த பகுதி. அவை செலுத்திய வரியால் நகராட்சிக் கருவூலம் நிறைந்தது. சுக்ரேயோடு இணைந்திருந்த காலத்தில் அந்த வரி, கிழக்கே மலைமீது அடுக்கடுக்காக ஏறிக் கிடக்கும் பெத்தாரே என்னும் பரந்த குடிசைப் பகுதிக்கும் பொதுவாக இருந்தது. பிரிவினைக்குப் பின் சக்காவோவின் பணம் சக்காவோவுக்கே ஆயிற்று. எல்லைக் கோட்டின் இப்புறம் பூங்கா மலர்ந்தது. அப்புறம் குழாயில் தண்ணீர் வரவில்லை. இதற்கு மேயர் பொறுப்பாளர் அல்லர். எல்லையை வகுத்தவர் அவர் அல்லர். ஆனால் சிறிய, செல்வம் நிறைந்த ஓர் ஊரை நன்றாக ஆண்டவர், இரண்டே கால் கோடிக்கு மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் ஏழைகளாக வாழும் நாட்டையும் அவ்வாறே ஆள முடியுமா என்னும் வினா நியாயமான வினா. அவருடைய முகத்தைப் பற்றி ஏளனம் பேசியவர்கள் இந்த வினாவைக் கேட்டிருந்தால் நாட்டுக்குப் பயனாக இருந்திருக்கும். அவர்களோ 'பார்பி பொம்மை' என்று சொல்லி மகிழ்ந்தார்கள்.

1997இல் அம்மையார் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க முடிவு செய்து, ஒரு புதிய இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஒருங்கிணைப்பு, புதுப்பித்தல், புது நம்பிக்கை என்னும் பொருள் தரும் ஸ்பானியச் சொற்களை, அவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'இரேனே' என்று வரும்படி அமைத்துப் பெயரிட்டார்கள். கட்சிக்குத் தம் பெயரையே சூட்டிக்கொள்வது எனக்கு உவப்பானதன்று. எனினும் மக்கள் அதைப் பிழையாகக் கொள்ளவில்லை. பழைய கட்சிகள் இரண்டின் மீதும் அவர்களுக்கு அவ்வளவு வெறுப்பு மண்டியிருந்தது. 1994இல் பெரிய வங்கிகள் முறிந்து சேமிப்பாளர்கள் தவித்திருந்தார்கள். 'கோப்பே' கட்சியை நிறுவிய முதியவர் ரஃபேல் கல்தேராவே அக்கட்சியை விட்டு வெளியேறி நின்றுதான் 1993 தேர்தலில் வெல்ல முடிந்தது. தந்தையே பிள்ளையைக் கைவிட்ட கதை அது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில், நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இரேனே அம்மையாரை ஆதரித்தார்கள். சிறையிலிருந்து 1994இல் விடுவிக்கப்பட்ட சாவேஸ் அப்போது வெகு தொலைவு பின்தங்கியிருந்தார்.

பிறகு நிகழ்ந்ததை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 1998 மே மாதத்தில், அதே 'கோப்பே' கட்சி அம்மையாரைத் தன் வேட்பாளராக ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அவரும் அந்தக் கையைப் பற்றினார். ஏன் பற்றினார் என்பது விளங்காத புதிர் அன்று. அவருடைய புதிய இயக்கத்துக்குத் தலைநகருக்கு வெளியே கிளைகள் மிகக் குறைவு. ஆயிரக்கணக்கான வாக்குச் சாவடிகளில் அமர்வதற்கு ஆள் வேண்டும், ஊர்தோறும் கொடி பிடிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும். அவையெல்லாம் அந்தப் பழைய கட்சியிடம் இருந்தன. ஆனால் மக்கள் அவரை விரும்பியதற்கு முதற் காரணமே அவர் பழைய கட்சிக்காரர் அல்லர் என்பதுதான். கப்பலுக்குப் பாய் வேண்டுமென்று, மூழ்கிக்கொண்டிருக்கும் கப்பலில் ஏறினார் அவர்.

அதே மாதங்களில் எண்ணெய் விலை சரிந்து, பீப்பாய் ஒன்றுக்குப் பத்து டாலர் என்னும் நிலையை நெருங்கியது. அரசாங்கம் செலவைக் குறைத்தது, வேலையின்மை பெருகியது, மக்களின் கோபம் வளர்ந்தது. கோபம் கொண்ட மக்கள் முன் சாவேஸ் நின்று, பழைய அரசியல் சட்டத்தையே மாற்றி எழுதப் போவதாகவும், அதற்கென ஒரு நிர்ணய சபையைக் கூட்டப் போவதாகவும் முழங்கினார். அது சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்க, கேட்டவர்களுக்கு அது தெளிவாக விளங்கியது. அம்மையாரோ ஒற்றுமை, நேர்மை, நல்ல நிர்வாகம் என்றார். எல்லாம் நல்ல சொற்களே. ஆனால் தீப்பற்றிய வீட்டில் நிற்பவனிடம் கூடத்துக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிப் பேசினால் அவன் செவி கொடுப்பதில்லை. மாதம் ஒன்று கழியுந்தோறும் அவருடைய ஆதரவு தேய்ந்தது.

கடைசி அத்தியாயம் வருந்தத்தக்கது. தேர்தலுக்குச் சில நாள்களே இருக்கையில், 'கோப்பே' தன் ஆதரவை அம்மையாரிடமிருந்து விலக்கி, சாவேஸை எதிர்க்க வலிமையுள்ளவர் என்று கருதப்பட்ட ஹென்ரிக் சாலாஸ் ரோமர் என்பவருக்கு அளித்தது. 'ஜனநாயகச் செயல்' கட்சியும் தன் வேட்பாளரை அவ்வாறே கைவிட்டது. ஆக, எந்தக் கட்சியின் துணைக்காகத் தம் தனித்தன்மையை அவர் விட்டுக்கொடுத்தாரோ, அந்தக் கட்சி அவரை நட்டாற்றில் விட்டது. டிசம்பர் 6ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. சாவேஸுக்கு 36 லட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல், அதாவது நூற்றுக்கு 56 பங்கு. சாலாஸ் ரோமருக்கு ஏறத்தாழ 40 பங்கு. மூன்றாவதாக வந்த இரேனே சயேஸுக்கு 1 லட்சத்து 84 ஆயிரத்துச் சொச்சம். நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. ஓராண்டுக்குள் நாற்பது மூன்றாயிற்று. ஒரு வாரம் கழித்து அவருக்கு முப்பத்தேழு வயது நிறைந்தது.

அத்துடன் அவர் ஒதுங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டே, மார்கரிட்டா தீவை உள்ளடக்கிய நுவேவா எஸ்பார்த்தா மாநிலத்தின் ஆளுநர் தேர்தலில் நின்றார். அங்கே ஆளுநர் என்பவர், நம் நாட்டில் போல மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். இம்முறை அவருக்குத் துணை நின்றது யாருடைய இயக்கம் தெரியுமா? சாவேஸின் இயக்கம்! சில மாதங்களுக்கு முன் தம்மைத் தோற்கடித்தவரின் ஆதரவோடு அவர் வென்றார். இதைச் சந்தர்ப்பவாதம் என்று கூறியவர்கள் உண்டு. தோற்றவர் வென்றவரோடு கைகோத்து ஊருக்கு உழைத்தால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சியே சற்று வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் அறுதியிட்டுக் கூற மாட்டேன். 2000ஆம் ஆண்டில், கருவுற்றிருந்த நிலையில், அப்பதவியை விட்டு விலகினார். பின்னர் அமெரிக்காவின் மயாமி நகரில் குடியேறினார்.

சக்காவோவின் மேயர் நாற்காலி மட்டும் நாட்டின் கவனத்தை விட்டு அகலவில்லை. 2000 முதல் 2008 வரை அதில் அமர்ந்த லியோபோல்டோ லோபெஸ், பின்னாளில் எதிர்க்கட்சித் தலைவர்களுள் ஒருவராகி, 2014இல் சிறை சென்றார். நாற்பதாண்டு ஆண்ட அந்தப் பழைய கட்சிகள் இரண்டும் 1998க்குப் பின் பழைய செல்வாக்கை மீண்டும் பெறவே இல்லை. 1999இல் புதிய அரசியல் சட்டம் வந்தது. நாட்டின் பெயரே மாறியது. சாவேஸ் 2013இல் இறக்கும் வரை ஆண்டார். அந்தக் கதை நெடியது. அதற்குத் தனியே ஒரு பேச்சு வேண்டும்.

அன்று ஆசிரியர் அறையில் என்னை வினவிய மாணவி இப்போது ஒரு பள்ளியில் சரித்திரம் கற்பிக்கிறாள். அண்மையில் ஒரு நாள் என்னைக் காண வந்தபோது பேச்சு மறுபடியும் இரேனே அம்மையாரிடம் சென்றது. "அந்தக் கட்சியின் கையை அவர் பற்றாதிருந்தால் வென்றிருப்பாரா, ஐயா?" என்று கேட்டாள். வென்றிருக்க மாட்டார் என்றேன். எண்ணெய் விலையையும், ஏழைகளின் கோபத்தையும், சாவடிக்கு ஆளில்லாத இயக்கத்தையும் எடுத்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "வென்றிருக்க மாட்டார்தான். ஆனால் மூன்று பங்குக்கு மேல் வாங்கியிருப்பார். அடுத்த தேர்தலுக்கு அவர் மிஞ்சியிருப்பார்" என்றாள். காப்பி ஆறிப்போகும் வரை இருவரும் அதைப் பற்றி வாதிட்டோம். அவள் பேருந்துக்கு நேரமாயிற்று. வாதம் இன்னும் முடியவில்லை.